மேல்தோல்

பெரியவன் அப்பாவைப் பார்க்க வந்தால் வெறுங்கையோடு வரமாட்டான். பழம் வாங்கினால் கொத்தனாரான அப்பாவுக்குக் கடிக்கப் பல் கிடையாது. சட்டை வாங்கினால் போட்டுக்கொண்டு எங்கே போகப்போகிறார்? ஆகவே க்ரீம் டப்பா. அவன் மனைவி பெரிய கடை ஒன்றில் முகப்பூச்சு விற்கிற இடத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பவள். கடையில் எது மிஞ்சுகிறதோ அது மாமனார் முதுகுக்கு வந்து சேரும். கட்டில் தலைமாட்டில் இருந்த அலமாரியில் மருந்து பாதி, டப்பா பாதி. பாசத்தை அப்படி வரிசையாக அடுக்கிப் பார்ப்பதில் பெரியவனுக்கு ஒரு திருப்தி இருந்தது, அதையும் குறை சொல்வதற்கில்லை.

வாழ்நாளெல்லாம் சாரத்தின் மேல் நின்று செங்கல் பிடித்த மனுஷன், கடைசியில் தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எலும்பு கூடியது, கால் கூடவில்லை. படுத்தவர் படுத்தவர்தான். இடுப்புக்குக் கீழே ரப்பர் விரிப்பு, அதன்மேல் துணி, டயப்பர். புரட்டிப் போட ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் சின்னவள். அப்பா விழுவதற்கு முன்பே, கல்யாணமாகிப் போன இடத்திலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். அன்றைக்குக் கொத்தனார் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் கூடத்தின் நடுவே குறுக்குச் சுவர் வைக்க ஆரம்பித்துவிட்டார். பூசி, வெள்ளையடித்து, கதவு மாட்டி, “இது உன் ரூம். உள்ள தாழ்ப்பாள் இருக்கு, யாருக்கும் திறக்க வேண்டியதில்ல” என்றார். அதற்குப் பிறகு அவளுக்கு அப்பாவைத் தவிர உலகத்தில் பெரிதாக ஒன்றும் தேவைப்படவில்லை. அவரை யாரும் அந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது, அது ஒன்றுதான் அவள் கவலை. அண்ணன் ஒவ்வொரு தடவை வரும்போதும் போகிற போக்கில் ஒரு இல்லத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவான். “நல்லா பாத்துக்கறாங்களாம். நர்ஸ் இருக்காங்களாம். சும்மா சொன்னேன்.” அந்தச் சும்மாவைத்தான் அவள் நம்பமாட்டாள்.

அண்ணியைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மாமனாரின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். எத்தனை மருமகள்கள் செய்வார்கள்? ஆனால் வாயைத் திறந்தால் கடை திறந்த மாதிரி.

“தோலுங்கறது லேசுப்பட்டது இல்ல மாமா. மேல்தோல் இருக்கே, அது உங்க சுவர் மாதிரி. செல்லுங்க எல்லாம் செங்கல் அடுக்கின மாதிரி அடுக்கியிருக்கும். நடுவுல கொழுப்பு, உங்க கலவை மாதிரி. வயசாக ஆக அந்தக் கலவை உதிர்ந்து போயிடும். உள்ள இருக்கற தண்ணியெல்லாம் ஆவியா ஓடிடும். அதான் இப்படி வெடிச்சுக் கிடக்கு. இந்த க்ரீம் மேல உக்காந்துக்கிட்டு தண்ணியை வெளிய விடாது.”

“அப்ப நான் ஒரு கட்டடம்ங்கற.”

“ஆமா மாமா.”

“எந்த மாதிரி? ஆளு குடியிருக்கறதா, இடிக்கறதுக்கு நோட்டீஸ் ஒட்டினதா?”

அண்ணி சிரித்துக்கொண்டே குதிகாலில் பூசுவாள். பொய்யும் சொல்லவில்லை அவள். பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த அந்தக் குதிகால் சீக்கிரமே வழவழவென்று ஆயிற்று. முழங்கால் சொரசொரப்பு போயிற்று, இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்த கெண்டைக்கால் அரிப்பு நின்றது. கொத்தனார் அக்கம்பக்கத்துக்கெல்லாம் காலைக் காட்டிப் பெருமைப்பட்டார். அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

காலுக்கு நல்லதென்றால் முதுகுக்கும் நல்லதுதானே என்று பெரியவன் நினைத்தான். அப்பாவை ஒருக்களித்துப் போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முதுகிலும் இடுப்பிலும் புட்டத்திலும் டப்பாவில் கைவிட்டு அள்ளி அப்பினான். மீசை முளைத்த பிறகு அப்பாவைத் தொட்டே அறியாத பிள்ளை. கொத்தனார் சுவரைப் பார்த்தபடி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். மகன் கை தன் முதுகில் ஓடுகிறது என்கிற சந்தோஷம் அவருக்கு. எவன் வேண்டாம் என்பான்?

“தினம் ரெண்டு வேளை பூசு. துடைச்சு கிடைச்சு விட்டுடாத, அது உள்ள இறங்கணும்” என்று தங்கையிடம் சொன்னான்.

அடுத்த வாரம் வந்தவன் முதலில் அப்பாவைப் பார்க்கவில்லை, டப்பாவைத் திறந்து பார்த்தான்.

“என்ன, குறையவே இல்ல?”

“பூசிக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்.”

“பூசினா குறையணும்ல? பாரு, நான் எடுத்த குழி அப்படியே இருக்கு. வேலைக்கும் போயிட்டு இதையும் பாக்க உன்னால முடியலன்னா சொல்லு. அதுக்குன்னு இடம் இருக்கு.”

அவளுக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து டப்பா குறைய ஆரம்பித்தது. காலையில் ஒரு பூச்சு, மாலையில் அதன்மேல் ஒரு பூச்சு, அண்ணன் வருகிற நாளைக்கு முந்தின நாள் கூடுதலாக ஒன்று. டப்பாவின் அடி தெரிந்தால்தான் அவள் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள் என்று அர்த்தம். அடி தெரியும்படி பார்த்துக்கொண்டாள்.

அவள் வேலை தெருமுனை லாண்டரியில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பும் ஓட்டல் மேஜைத் துணியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். உள்ளே நுழைந்தால் மூக்கில் ஏறுவது ஆவியும் பிளீச்சிங் பவுடர் நெடியும். அவள் தொட்டியில் நிற்பவள். கறை படிந்ததைத் தனியாகச் சோடாவில் ஊறவைத்துத் தேய்த்துப் பிறகு இயந்திரத்தில் போட வேண்டும். கையுறை கொடுத்திருந்தார்கள். போட்டுக்கொண்டால் கறை கைக்குத் தட்டுப்படாது, வேலை ஓடாது என்று யாரும் போடுவதில்லை. விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. உள்ளங்கை உப்புத்தாள். ஒருதடவை பட்டு மேலங்கி ஒன்றை மடிக்கையில் அவள் விரல் பட்டு நூல் இழுத்துக்கொண்டது. “நீ இனிமே துண்டு மட்டும் தொடு” என்றுவிட்டார் மேஸ்திரி.

அந்தக் கைக்கு ஒரு விரல் க்ரீம் எடுத்துப் பூசியிருக்கலாம். டப்பாவும் குறைந்திருக்கும், கையும் ஆறியிருக்கும். பூசவில்லை. அப்பாவுக்கு வந்ததை மகள் எடுத்துக்கொண்டாள் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதாம். அவளும் வீம்பில் குறைந்தவள் இல்லை.

நடுவில் டீ குடிக்க விடுகிற நேரத்தில் ஓட்டமாக வீட்டுக்கு வந்து அப்பாவைப் புரட்டிவிட்டு ஓடுவாள். ஒருநாள் அப்படிப் புரட்டும்போது கொத்தனார் சொன்னார்.

“கீழ பிசுபிசுன்னு இருக்குடா. நசநசங்குது. கொஞ்சம் துடைச்சு விடேன்.”

“க்ரீம்ப்பா. உள்ள இறங்கட்டும்னு அண்ணன் சொல்லியிருக்கு.”

“எங்க இறங்குது? மேலயே நிக்குது. வேர்வை ஒருபக்கம், மூத்திரம் ஒருபக்கம், இது ஒருபக்கம். காத்தாட விடு கொஞ்ச நேரம்.”

“அண்ணன் வந்து கேக்கும்ப்பா.”

“அவன் முதுகா, என் முதுகா?”

“உன் முதுகுதான். பேசாம இரு” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, டயப்பரை இறுக்கிவிட்டுப் போய்விட்டாள். பிறகு எத்தனையோ தடவை அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெயில் ஏறின நாட்கள். ஜன்னல் வழியாக அனல் வந்தது. ஒரு காலையில் டயப்பரைக் கழற்றினபோது புட்டத்துக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெள்ளையாகச் சுருங்கிக் கிடந்தது. சுற்றிலும் சிவப்பு. ஈரத்துண்டால் ஒற்றினாள். துண்டோடு மேல்தோல் வந்துவிட்டது. கொத்தனார் “ஸ்ஸ்” என்றார், அவ்வளவுதான். அவள்தான் துண்டைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

போன் போட்டதும் அண்ணனும் அண்ணியும் ஓடிவந்தார்கள். அப்பா காதில் விழாதபடி அடுக்களையில் நின்று பேச்சு நடந்தது. அண்ணி அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“ஐயையோ. இந்தக் கையோடவா மாமாவைத் தேய்க்கற?”

“வேற எந்தக் கையோட அண்ணி தேய்க்கறது?”

“கோவிச்சுக்காத. வயசானவங்க தோலு வெங்காயச் சருகு மாதிரி. இந்தக் கை பட்டா கிழியாம என்ன செய்யும்? நான் அவ்வளவு நல்ல க்ரீமாக் கொண்டு வந்தும் ஏன் இப்படி ஆச்சுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். இப்பத் தெரியுது.”

பெரியவனும் அந்தக் கையைப் பார்த்தான். முகம் சுருங்கியது.

“இனிமே வெறுங்கையோட அப்பாவைத் தொடாத. கிளவுஸ் போட்டுக்க. அப்புறமும் ஆறலன்னா நான் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன், இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்.”

அவள் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை, ஏனென்றால் நம்பிவிட்டாள். பட்டிலே நூலிழுத்த கைதானே. அப்பாவின் தோலைத் தானே உரித்துவிட்டோம் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. லாண்டரியில் யாரும் போடாமல் கிடந்த பெட்டியிலிருந்து கையுறைகளை எடுத்துக்கொண்டு வந்தாள். அண்ணி கொடுத்துவிட்டுப் போன புது டப்பாவிலிருந்து இன்னும் கனமாக, கையுறைக் கையால், அழுத்தாமல் பூசினாள். புண் ஆற ஈரம் வேண்டுமாம்.

முதல் நாள் அந்த வழுக்கல் கை முதுகில் பட்டதும் கொத்தனார் தலையைத் திருப்பினார். அவள் கைகளைப் பார்த்தார். மணிக்கட்டுவரை இழுத்து மாட்டியிருந்த வெளுத்த ரப்பரைப் பார்த்தார். திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

அதே நாட்களில்தான் புண்ணிலிருந்து வாடை வர ஆரம்பித்திருந்தது. படுத்திருந்தவருக்கு மூக்கு நன்றாகத்தான் வேலை செய்தது.

சொல்லியிருக்கலாம். ‘என் கை உன்னைக் கிழிக்குதுப்பா, அதான்’ என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. உன்னைப் புண்ணாக்கியது நான்தான் என்று எந்த வாயால் சொல்வாள்? நாளைக்குச் சொல்லலாம், ஆறினதும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். கொத்தனாரின் கேலியும் கிண்டலும் மெல்லக் குறைந்தது. துடைத்துவிடு, காற்றாட விடு என்று கேட்பதையும் நிறுத்திவிட்டார். டயப்பர் நனைந்தாலும் சொல்வதில்லை. அவளாகப் பார்த்தால் உண்டு.

“நனைஞ்சிருக்கே, ஏன்ப்பா கூப்பிடல?”

“பரவால்லம்மா. உனக்கு எதுக்குச் சிரமம்? நீயும் எத்தனைதான் செய்வ?”

அவர் வாயிலிருந்து ‘சிரமம்’ என்று ஒரு சொல்லை அவள் அதுவரை கேட்டதில்லை. உடம்பு நோகிறது, அதனால் பேச்சு குறைந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். முட்டையை மசித்து ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு போதும் என்றுவிடுவார். சாப்பிட்டால்தானே அப்புறம் யாராவது துடைக்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டது அவளுக்குத் தெரியாது.

புண் பெரிதாகிக்கொண்டே போனது. இனி மறைத்துப் பயனில்லை என்றான பிறகு, வருவது வரட்டும் என்று பக்கத்து மருத்துவமனைக்குப் போய் ஒரு நர்சம்மாவைக் கூட்டிவந்தாள். விஷயம் தெரிந்து அண்ணனும் அண்ணியும் வந்து நின்றார்கள். நர்சம்மா கனத்த உடம்பு, அதிகம் பேசாதவள். டயப்பரைப் பிரித்தாள், மூக்கைச் சுளிக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டு வாங்கி, வெள்ளையாக அப்பிக் கிடந்ததை வழித்தாள். துணி மாற்றித் துணி மாற்றி வழித்தாள். ஜிப்சம் பூசின மாதிரி வந்துகொண்டே இருந்தது.

“யாரு இவ்வளவு பூசினது?”

சின்னவள்தான் சொன்னாள். “நான்தான். நான் கிழிச்சுட்டேன் சிஸ்டர். என் கையைப் பாருங்க.”

நர்சம்மா கையைப் பார்த்தாள். “இந்தக் கைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நல்லா இருக்கற தோலை எந்தக் கையும் இப்படிக் கிழிக்காது. இது ஊறிப்போன தோலு. நாள் முழுக்கத் தண்ணியில வேலை பாக்கற ஆளு நீ, உனக்குத் தெரியாதா ஊறின விரல் எப்படி இருக்கும்னு? வேர்வை, மூத்திரம், ரப்பர் ஷீட்டு. எல்லா ஈரமும் அங்கயே நிக்குது. அது மேல இவ்வளவு கனமாப் பூசி மூடி வெச்சா ஈரம் எந்தப் பக்கம் போகும்? தோலு நொதநொதத்து, லேசா உரசினாலே வந்துடும். அதோட ஒரே பக்கமா படுத்த அழுத்தம் வேற.”

“ஆனா இது ரொம்ப நல்ல க்ரீம் சிஸ்டர்” என்றாள் அண்ணி. குரல் இறங்கிப் போயிருந்தது. “ஈரத்தை வெளிய விடாதுன்னு எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

“நல்ல க்ரீம்தான். வறண்ட காலுக்கு நல்லது, காலைப் பாத்தேன், அருமையா இருக்கு. இங்க ஏற்கெனவே ஈரம் ஜாஸ்தி. கழுவி, ஒத்தி எடுத்து, காயவிட்டு, காவலுக்கு மெல்லிசா ஒரு பூச்சு, அதுவும் இந்த இடத்துக்குன்னு இருக்கற மருந்து. அவ்வளவுதான் வேணும்.”

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. காயவிடுவது. அப்பா கேட்டது.

சின்னவள் அண்ணனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தாள். பெரியவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“சரி விடு. யார் மேலயும் தப்பில்ல. எல்லாரும் நல்லதுன்னு நெனைச்சுத்தான் செஞ்சோம்.”

தப்பு தங்கை தலையில் இருந்தவரை அது தப்பு. தன் பக்கம் திரும்பினதும் அது யார் மேலும் இல்லாமல் போயிற்று. கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனால் அவள் அந்த நேரத்தில் கோபப்படக்கூட இல்லை. தன் கை இல்லை, தான் இல்லை என்கிற ஒன்றே போதுமாக இருந்தது. இனி அப்பாவை எடுத்துக்கொண்டு போக யாருக்கும் காரணம் இல்லை.

“ஆனா இந்தப் புண்ணுக்கு ஆள் கூடவே இருக்கணும்ல சிஸ்டர்? நேரத்துக்கு நேரம் புரட்டணும்ல?” என்றான் பெரியவன். “நான் இல்லத்துல சொல்லி வெச்சுட்டேன். இடம் இருக்காம்.”

“வீட்டுலயும் பாக்கலாம். சொல்லித் தரேன், நானும் வந்து போறேன்” என்றாள் நர்சம்மா.

சின்னவள் கட்டிலுக்கு ஓடினாள். “அப்பா, நீயே சொல்லுப்பா. நான் வேலையை அரை நாளா மாத்திக்கறேன். மேஸ்திரிகிட்ட கேட்டுட்டேன். நீ சொல்லு இவங்களுக்கு.”

கொத்தனார் தான் கட்டின குறுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் போறேன்.”

“எங்க?”

“அவன் சொல்ற எடத்துக்கு. போறேன்.”

“ஏன்ப்பா?”

“போறேன்னுட்டேன்ல. விடும்மா.”

அவள் அழுதாள், கெஞ்சினாள், சண்டை போட்டாள். வண்டி வந்தது. இரண்டு பேர் அவரை விரிப்போடு தூக்கினார்கள். அண்ணி அலமாரியிலிருந்த டப்பாக்களைச் சத்தமில்லாமல் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

இல்லம் சுத்தமாகத்தான் இருந்தது. நீளக் கூடம், இரண்டு பக்கமும் கட்டில்கள், பினாயில் வாடை. சின்னவள் லாண்டரி விடுமுறை அன்று போனாள். ஒரு இளம்பெண் அவரைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவளிடம், “மெதுவாடி, சரக்கு இறக்கறியா?” என்று வம்பு செய்துகொண்டிருந்தார். அவள் சிரித்தாள். மகளைக் கண்டதும் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “வாம்மா, உக்காரு” என்றார். புண் ஆறத் தொடங்கியிருந்தது. ஓரம் உலர்ந்து, சிவப்பு குறைந்திருந்தது.

அந்தப் பெண் போன பிறகு அவள் கேட்டாள். “ஏன்ப்பா வந்த? உண்மையச் சொல்லு. நான் என்ன குறை வெச்சேன்?”

“ஒரு குறையும் இல்ல.”

“அப்புறம்?”

அவர் அவள் கைகளைப் பார்த்தார். “நீ கிளவுஸ் போட ஆரம்பிச்சல்ல” என்றார்.

அவளுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கினதும் கட்டில் பக்கம் குனிந்தாள். “இங்கயும் எல்லாரும் போட்டுக்கிட்டுத்தானேப்பா தொடறாங்க?”

“அவங்க வேத்தாளுங்க. அவங்களுக்கு அது வேலை. நீ போட்டப்பதான், சரி, இதுக்கு மேல புள்ளைய வதைக்கக் கூடாதுன்னு தோணுச்சு.”

எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணன் டப்பா பார்த்தது, அண்ணி கையைத் திருப்பியது, பட்டில் நூல் இழுத்தது, தன் கைதான் கிழித்தது என்று நம்பினது, சொல்லப் பயந்தது. சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் தலையை ஆட்டினார். சின்ன வயதில் அவள் உடைத்ததைப் பூனை உடைத்தது என்று சொல்லும்போது அவர் அப்படித்தான் தலையை ஆட்டுவார்.

“சரிம்மா. நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல. பெத்த அப்பன்னாலும் நாத்தம் நாத்தம்தானே. எனக்கே தாங்கல. அதுக்கு எதுக்கு இவ்வளவு கதை?”

“கதை இல்லப்பா! சத்தியமா!”

“சரி, சரி.”

அவள் எழுந்தாள். கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய், சட்டையை மேலே ஏற்றி, கட்டுக்குச் சற்று மேலே, அவர் முதுகில் தன் வெறும் உள்ளங்கையை வைத்தாள். வெடிப்பு வெடிப்பாக இருந்த அந்தக் கையை மேலும் கீழுமாக மெல்லத் தேய்த்தாள். முதலில் அவர் உடம்பு விறைத்தது. பிறகு இளகியது. மூச்சு நீளமாக வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தாள். அழுதுகொண்டே தேய்த்தாள். ஜன்னல் வெயில் நகர்ந்து அடுத்த கட்டிலுக்குப் போகிறவரை தேய்த்தாள்.

“போதும்மா” என்றார் கொத்தனார், ரொம்பப் பிரியமாக. “வெளிய குழாய்கிட்ட சோப்பு வெச்சிருக்காங்க. கையை நல்லா தேய்ச்சுக் கழுவிட்டுப் போ.”